மரப்பட்டையில் ஒரு சின்னஞ்சிறு குடித்தனம்

மாரி மழை நன்றாகப் பெய்து ஓய்ந்ததும், கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வளவுகளில் நிற்கும் பழைய மரங்களின் பட்டையில் பச்சை படர்வதைக் காணலாம். "மரத்தைப் பாசி தின்கிறது" என்று சொல்லிக் கத்தியால் சுரண்டிச் சுண்ணாம்பு பூசுவோர் பலர். இந்தப் பயம் நியாயமானதுதானா?

நாம் பாசி என்று பொதுவாகச் சொல்வது ஒரே செடியன்று. அல்காக்கள், சாம்பல் நிறத் திட்டுகளான இலைக்கன்கள், பாசிகள், ஈரலுருத் தாவரங்கள் எனப் பல இனங்கள் அதில் அடங்கும். இவற்றுள் ஈரலுருத் தாவரங்களை அறிந்தோர் மிகக் குறைவு. அவற்றில் சில ஈரலின் வடிவில் இருப்பதால், ஈரல் நோயைத் தீர்க்கும் என்று ஐரோப்பியர் முற்காலத்தில் நம்பினர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உலகில் இவற்றில் 7,000க்கும் அதிகமான இனங்கள் உண்டு.

வெப்ப நாடுகளின் மரப்பட்டையில் வாழும் பிறிலேனியா என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். இதன் தண்டும் இலையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அகலமே இருக்கும். உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் இரண்டு வரிசையாக அடுக்கிய இலைகள் தெரியும். ஒவ்வோர் இலையின் அடியிலும் தலைக்கவசம் போன்ற ஒரு சிறு பை உண்டு. அதில் மழைநீர் தங்கும். அந்தத் துளி நீரில் றொட்டிபர் எனப்படும் நுண்ணிய உயிர்கள் குடியிருக்கின்றன.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இச்செடி காய்ந்து கருகியது போலக் கிடக்கும். ஆனால் சாவதில்லை. மழை பட்டதும் இலை விரித்து மீண்டும் உயிர்க்கிறது.

இதற்கு உண்மையான வேர் கிடையாது. பட்டையைப் பற்றிக்கொள்ள நுண்ணிய இழைகள் மட்டுமே உண்டு. மழைநீரிலும் தூசியிலும் வரும் சத்தே இதன் உணவு. மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. ஆகவே இதற்காகப் பட்டையைச் சுரண்ட வேண்டாம். சுரண்டிய காயத்தின் வழியேதான் நோய் நுழையும். பட்டையில் பிசின் வடிந்தாலோ துளையிலிருந்து மரத்தூள் கொட்டினாலோ அது வேறு நோய். அப்போது விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலைநாடுகளில் விறகு வெட்டுவோர் சிலருக்குப் பிறிலேனியா பட்டுத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டானதை மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர்.

காற்றிலுள்ளதை நேரே உள்வாங்குவதால், இத்தகைய செடிகள் பல புகையையும் நச்சையும் தாங்கமாட்டா. காற்றின் தூய்மையை அறிய ஆய்வாளர் மரப்பட்டையைப் பார்ப்பது இதனால்தான்.

நமது நாட்டின் ஈரலுருத் தாவரப் பேரினங்களைப் பேராசிரியர் அபேவிக்கிரம 1959இல் தொகுத்து வெளியிட்டார். மலைநாட்டு முகிற்காடுகளில் இவை மரங்களைப் போர்த்தி மழைநீரைத் தேக்கி மெல்ல விடுகின்றன. நம் வயல்களுக்கு நீர் தரும் கல்லோயாவும் மலைநாட்டிலேதான் பிறக்கிறது.

2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி நமது கரையோரத்தில் வீடுகளோடு மரங்களையும் கொண்டுபோனது. வீட்டைச் சில மாதங்களில் கட்டலாம். மரக்கன்றையும் ஒரே நாளில் நடலாம். ஆனால் அதன் பட்டை முதிர்ந்து, இச்சிற்றுயிர்கள் வந்து குடியேறப் பல ஆண்டுகள் செல்லும். மதில் கட்டவும் வீதியை அகலமாக்கவும் பழைய மரமொன்றைத் தறிக்க நினைக்கும்போது, பிள்ளைகளிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்து அதன் பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எண்ணிய பின் முடிவெடுப்போம்.