சரித்திர நாவலும் கண்டி வாசகனும்

கதை என்ற பெயரால் வரலாறும், வரலாறு என்ற பெயரால் கதையும் நம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றன. ‘சரித்திரம்’ என்ற சொல்லே இரண்டுக்கும் பொதுவாக வழங்கியதுண்டு. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை 1885-இல் வெளியிட்ட நாவலுக்கு ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்றே பெயரிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படுவது அது. பத்தாண்டு கழித்து, 1895-இல், திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ வெளிவந்தது. நாயக்கர் காலத் தமிழகத்தை நிலைக்களமாகக் கொண்ட அந்நூலையே தமிழின் முதற் சரித்திர நாவலென ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். ஆதலால் இத்துறைக்கு ஈழத்தவராகிய நாம் புதியவரல்லேம்.

எனினும் என் தலைமுறையினர் பலரைப் போல் யானும் இத்துறைக்குள் நுழைந்த வாயில், கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தான். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அக்கதை, இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டிய தொகுதிகளாக எனக்குக் கிட்டியது. காவிரிக் கரையில் ஓடிக்கொண்டிருந்த கதை இரண்டாம் பாகத்தில் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தபோது நான் கொண்ட வியப்பு சொல்லுந்தரமன்று. வந்தியத்தேவன் நடந்து சென்ற தம்புள்ளை, நாங்கள் அநுராதபுரம் செல்லும்போது பேருந்து நின்று புறப்படும் ஊர்! கதையில் அநுராதபுரத்து வீதியிற் செல்லும் பெரகராவைப் படித்தபோது, ஆண்டுதோறும் தலதா மாளிகையின் முன் நான் காணும் யானைகளும் தீவட்டிகளும் என் கண்முன் நின்றன.

கதையின் சுவை ஒருபுறம் இருக்க, பின்னாளில் அது என்னைக் கல்வெட்டுக்களிடம் கொண்டு சேர்த்தது. பொலநறுவையிலுள்ள இரண்டாம் சிவாலயத்துக்கு வானவன் மாதேவி ஈசுவரம் என்பது பழம்பெயர். நாவலில் வாழ்ந்த ஒரு சோழ அரசியின் பெயரையே தாங்கி நிற்கும் அக்கற்றளியின் சுவரிலே, பழந்தமிழ் எழுத்துக்களைத் தடவிப் பார்த்தேன். ஏட்டிலே படித்த பெயர் கல்லிலே தட்டுப்படும்போது உண்டாகும் சிலிர்ப்பை எந்த நாவலாசிரியனாலும் தந்துவிட முடியாது. ஆயினும் அங்கே செல்லும் ஆவலை எனக்கு ஊட்டியவன் நாவலாசிரியனே.

“நந்தினி உண்மையாக இருந்தாளா, ஐயா?” என்று மாணாக்கர் ஆண்டுதோறும் வினவுவர். இவ்வினாவுக்காகவே ஏட்டில் மூன்று பத்திகள் கீறச் சொல்வேன். முதலாவது கல் சொல்வது. இரண்டாவது ஏடு சொல்வது. மூன்றாவது ஆசிரியன் புனைந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென இரவிதாசன் முதலியோரைக் கூறுவது உடையார்குடிக் கல்வெட்டு. வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் சாசனம் சான்று. இவை முதற்பத்திக்கு உரியன. நந்தினியும் பூங்குழலியும் மூன்றாம் பத்திக்கு உரியர். இவ்வாறு பிரித்தறிந்த பின்னும் கதையின் இனிமை குன்றுவதில்லை. வாசகனுடைய அறிவு மட்டும் கூடுகின்றது.

இரண்டாம் பத்தியே கண்டியில் வாழும் தமிழ் வாசகனுக்குக் கடினமானது. நாவலில் பௌத்த சங்கத்தார் இலங்கைச் சிங்காதனத்தை அருள்மொழிவர்மனுக்கு அளிக்க முன்வருகின்றனர், அவன் மறுத்துவிடுகிறான். இக்கட்டத்தை நான் நெகிழ்ந்து சொல்லக் கேட்ட சிங்கள ஆசிரிய நண்பர் ஒருவர், “எங்கள் சூளவம்சத்தையும் ஒருமுறை படியுங்கள், மாஸ்டர்” என்று அமைதியாகக் கூறினார். படித்தேன். சோழர் படை தாதுகர்ப்பங்களை உடைத்ததும், விகாரைகளைச் சூறையாடியதும், ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சென்றதும் அங்கே துயரத்தோடு சொல்லப்பட்டுள்ளன. மன்னன் சிறைப்பட்டது 1017-இல், இராசேந்திரன் காலத்தில். அவன் மீண்டும் தன் நாட்டைக் காணவில்லை. 1070-இல் விசயபாகு சோழரை வெளியேற்றியது நம் அயலவருக்கு விடுதலைக் காவியம். நாம் வெற்றியெனப் படித்ததை அவர்கள் இழப்பெனப் படிக்கின்றனர். இரண்டும் ஒரே மண்ணில் நடந்தவை.

இதனால் கல்கியின் பெருமை குறைந்துவிடுமோ? குறையாது. இடிந்த விகாரைகளைத் திருப்பணி செய்விக்கும் இளவரசனை அவர் படைத்தது, அப்படியொருவன் இருந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கத்தினால் என்றே நான் கருதுகின்றேன். அந்த ஏக்கத்தை வரலாறென்று எண்ணுவதே தவறு.

இவ்வூரின் வரலாற்றையே பாருங்கள். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் மரபினர். அவருள் கீர்த்திசிறீ இராசசிங்கன் சைவப் பழக்கங்களைக் கைவிடாதவன். ஆயினும் 1753-இல் சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து, இந்நாட்டில் அற்றுப்போயிருந்த உபசம்பதாவை மீண்டும் நிலைநிறுத்தியவன். ஏழாண்டு கழித்து அவனைக் கொல்லச் சதி எழுந்தது. அச்சதியில், அவனே சங்கராசராக உயர்த்திய சரணங்கர தேரரின் பெயரும் அடிபட்டது. அயல்நாட்டான் என்ற ஐயமும், தருமங் காத்தவன் என்ற நன்றியும் ஒரே மன்னனைச் சூழ்ந்து நின்றன. கடைசி அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கனோ ஆங்கிலேயரிடம் அகப்பட்டு, 1832-இல் வேலூரில் மாண்டான். அவன் அமைத்த வாவியைச் சுற்றியே நாம் நாள்தோறும் மாலையில் உலவுகின்றோம்.

இக்கதைகளை எழுதப்புகும் தமிழ் எழுத்தாளன் மன்னனை வாழ்த்தினாற் போதாது. மன்னனை அஞ்சிய குடிகளின் நெஞ்சினுள்ளும் புகவேண்டும். படிப்பவனுக்கும் அதே கடமை உண்டு. தன் முன்னோரின் வீரத்தைக் கண்டு மகிழ்வதற்கு எந்த நூலும் போதும். அயலான் முன்னோரின் கண்ணீரையும் காட்டும் நூலே இந்நகரில் வாழும் நமக்கு வேண்டுவது.