வால்வு ஆம்ப்பா? கையை எடுங்க பாஸ்!

எல்.பி. ரெக்கார்டு ஊசியில இருந்து வர்ற சிக்னல் எவ்வளவு தெரியுமா? சுமார் 5 மில்லிவோல்ட்தான்! அதைத் தூக்கி நிறுத்தறதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் க்யூ கார்டன்ஸ் வீட்டில் சால் மராண்ட்ஸ் கையாலேயே செய்த 'ஆடியோ கன்சோலெட்' இந்த ரகம்தான்.

வெறுமனே சத்தம் கூட்டினா போதாது. பள்ளம் அகலமாகாம இருக்க பேஸைக் குறைச்சு, இரைச்சல் அமுங்க ட்ரெபிளை ஏத்தித்தான் ரெக்கார்டில் பதிவாங்க. ப்ரீஆம்ப் அதை உல்டா பண்ணணும். 1954-ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்குப்படி, 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டா 20 ஹெர்ட்ஸை சுமார் 19 டெசிபல் தூக்கணும். 20,000 ஹெர்ட்ஸை கிட்டத்தட்ட 20 டெசிபல் இறக்கணும். இந்த சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டர் மதிப்பு மாறினாலும் பாட்டோட குணமே மாறிடும்!

'உம்ம்...'முனு உறுமுதா? வால்வைத் திட்டாதீங்க. நம்ம ஊர் கரன்ட்டில் அது 100 ஹெர்ட்ஸ் உறுமல்னா, பவர் சப்ளையில காய்ஞ்சுபோன எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்தான் பெரும்பாலும் வில்லன். 50 ஹெர்ட்ஸ்னா ஹீட்டர் ஒயரிங், எர்த் பக்கம் தேடுங்க. பாட்டு உடைஞ்சு கேட்குதா? கப்ளிங் கெப்பாசிட்டர் கசிஞ்சு, அடுத்த வால்வோட கிரிட்டுக்கு டி.சி. போகுதான்னு பாருங்க. எல்லாத்தையும் ஒரேயடியா பிடுங்காம, ஒண்ணை மாத்தி, கேட்டுட்டு, அடுத்ததுக்குப் போங்க. அப்பதான் எது கோளாறுன்னு புரியும்.

ஆனா, முக்கியமான விஷயம்... 12ஏஎக்ஸ்7 மாதிரி வால்வுகளுக்கு 200, 300 வோல்ட் சகஜம். ஸ்விட்சை அணைச்ச பிறகும் அது கெப்பாசிட்டருக்குள்ளே பதுங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றி, ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி, மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டின பிறகுதான் விரல் வைக்கணும். பழக்கமில்லைன்னா, தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆள் இருந்தாத்தானே பாஸ் பாட்டு!