வலைப்பதிவு வீடு மாறும்போது

மத்திய அரசுப் பணியாளர் குடும்பங்களில் மாற்றல் உத்தரவு மழையைப் போன்றது. வரும் என்று தெரியும். என்று வரும் என்பதுதான் தெரியாது. வந்துவிட்டாலோ, அம்மி முதல் அரிசி டின் வரை அனைத்தையும் கட்டி, மூட்டை ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, லாரியில் ஏற்றி, புதிய ஊரில் இறக்கும்போது அதே எண்களைச் சரிபார்த்துக்கொள்வோம். தில்லியிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் அன்பர்கட்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், இணையத்தில் நாம் எழுதி வைத்த எழுத்துக்கும் இவ்வாறு ஒரு வீடு மாற்றம் நேரிடும். கட்டுதல், ஏற்றுதல், இறக்குதல், எண்ணிப் பார்த்தல் என்னும் நான்கும் அதற்கும் உண்டு. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அதில் எதுவெது வழியில் தவறிப்போகக் கூடும் என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

வலைப்பதிவு என்பது நாட்குறிப்பைப் போலத் தேதி வரிசையில் கட்டுரைகளை இணையத்தில் வெளியிடும் ஓர் ஏற்பாடு. 'பிளாகர்' என்னும் சேவை 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கியது. 2003-இல் கூகுள் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. அதே 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வேர்ட்பிரஸ்' என்னும் மென்பொருள் வெளிவந்தது. முன்னது வாடகை கேளாமல் பிறர் தந்த வீடு. பின்னது, நாமே வீடு கட்டிக்கொள்வதற்கான வரைபடத்தையும் செங்கல்லையும் இலவசமாகத் தருவது. மனைக்குரிய கட்டணத்தை, அதாவது இணைய வழங்கியில் இடம் பெறுவதற்கான தொகையை, நாம்தான் செலுத்த வேண்டும். தமிழ் வலைப்பதிவுகள் முளைவிட்டதும் அந்த ஆண்டுகளில்தான். தமிழ் அச்சகமும் தமிழ் ஏடும் இல்லாத ஊர்களில் வாழ்ந்தவர்கட்கு அது பெரும் வாய்ப்பாக அமைந்தது. சொந்த ஊர் நினைவுகளையும், குடியேறிய ஊரின் சங்கதிகளையும் அவர்கள் எழுதிக் குவித்தனர்.

பிறர் தந்த வீட்டில் எத்துணைக் காலம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொல்வதற்கில்லை. யாஹூவின் ஜியோசிட்டீஸ் தளம் 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் மூடப்பட்டது. மைக்ரோசாப்டு நிறுவனத்தின் 'லைவ் ஸ்பேசஸ்' 2011 மார்ச்சு மாதத்தில் முடிவுற்றது. அங்கு எழுதியவர்கள் வேர்ட்பிரஸ் தளத்துக்குக் குடிபெயர வழி செய்து தரப்பட்டது. 'போஸ்டரஸ்' 2013 ஏப்ரல் 30-ஆம் நாளும், 'டைப்பேட்' 2025 செப்டம்பர் 30-ஆம் நாளும் கதவை மூடின. இவை அனைத்தும் முன்கூட்டியே அறிவித்துவிட்டே மூடப்பட்டவை. அறிவிப்பைக் கண்டு மூட்டை கட்டியவர்களின் எழுத்து பிழைத்தது. மறந்திருந்தவர்களின் எழுத்தும், மறைந்துவிட்டவர்களின் எழுத்தும் அவ்வாறு பிழைப்பது அரிது. பிளாகர் இன்றும் நடைபெற்று வருகிறது. எனினும் சொந்த முகவரி வேண்டும் என்றோ, பல ஆண்டு எழுத்தை ஒரே கூரையின்கீழ்ச் சேர்க்க வேண்டும் என்றோ கருதி அங்கிருந்து இடம்பெயர்வோர் பலர்.

இனி, இடம்பெயரும் முறையைக் காண்போம். பழைய தளத்தின் அமைப்புப் பக்கத்தில் உள்ளடக்கத்தைக் காப்புப்படி எடுப்பதற்கு ஒரு வழி இருக்கும். அதனைக் கையாண்டால் நம் கட்டுரைகள் யாவும் ஒரே கோப்பாக நம் கணினிக்கு வந்து சேரும். அக்கோப்பைத் திறந்து பார்த்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் தோன்றும். ஆயினும் அதன் ஒழுங்கு எளியது. இது தலைப்பு, இது எழுதியவர் பெயர், இது வெளியிட்ட நாள், இது உள்ளடக்கம், இது வகை, இது வாசகரின் மறுமொழி என்று ஒவ்வொன்றின்மீதும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தளமும் தன் சீட்டுகளைத் தனக்குரிய பெயர்களால் எழுதிக்கொள்கிறது. பிளாகர் பயன்படுத்துவது 'ஆட்டம்' என்னும் வடிவம். வேர்ட்பிரஸ் பயன்படுத்துவது ஆர்.எஸ்.எஸ். என்னும் செய்தியோடை வடிவத்தின் விரிவு. 'மூவபிள் டைப்' என்னும் பழைய மென்பொருளோ, சாதாரண எழுத்துக் கோப்பில் கோடுகள் இட்டுக் கட்டுரைகளைப் பிரித்து வைப்பது.

இங்கேதான் இறக்குமதிச் செருகுநிரலின் பணி தொடங்குகிறது. செருகுநிரல் என்பது ஒரு மென்பொருளோடு தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது நெருங்கிய உறவினனாகத் தோன்றுவது இயல்பே. பழைய தளத்தின் சீட்டுகளைப் படித்து, அவற்றைப் புதிய தளத்தின் சீட்டுகளாகப் பெயர்த்து, ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய அறையில் வைப்பதே அதன் வேலை. கட்டுரையின் சொற்களை அது தொடுவதில்லை. வேர்ட்பிரஸில் இவ்விறக்குமதி நிரல்கள் முதலில் மென்பொருளின் உள்ளேயே இருந்தன. 2010-ஆம் ஆண்டு வெளிவந்த 3.0 பதிப்பில் தனிச் செருகுநிரல்களாகப் பிரிக்கப்பட்டன. கலியாணத்துக்கு மட்டும் வேண்டிய அண்டாவை அன்றாடச் சமையலறையில் வைத்துக்கொள்வானேன் என்ற கருத்துத்தான். வேண்டுவோர் 'கருவிகள்' பகுதியில் 'இறக்குமதி' என்னும் பக்கத்துக்குச் சென்று, தமது பழைய தளத்துக்குரிய நிரலை நிறுவிக்கொண்டு, கோப்பை அதனிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய கட்டுரைகளைப் புதிய தளத்தில் யார் பெயரில் பதிவது என்று அது வினவும். விடையளித்தால் பணி தொடங்கிவிடும்.

கேட்பதற்கு எளிதாயிருக்கும் இது, நடைமுறையில் எங்கெங்கே இடறும் என்பதை என் அனுபவம் ஒன்றைக் கொண்டே கூறுகிறேன். தில்லியில் எங்கள் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். ரயில்வே கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2007 முதல் 2015 வரை, தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஓர் இலவசத் தளத்தில் 412 கட்டுரைகள் எழுதினார். யார் எந்த ஆண்டு வந்தார், முதல் பொங்கலை எந்த மாடியில் கொண்டாடினார், இட்லிக்கு உளுந்து எங்கே கிடைத்தது என்பன போன்ற செய்திகள் வேறெந்த நூலிலும் இல்லை. அவர் காலமான பின்பு அவருடைய மகள் என்னிடம் வந்து, "அண்ணா, அப்பா எழுதியதையெல்லாம் எங்கள் பெயரிலேயே ஓர் இடத்தில் வைக்க வேண்டும்" என்றார். தந்தையின் கடவுச்சொல் ஒரு பழைய டயரியில் இருந்தது. அந்த ஒரு வரி இல்லாதிருந்தால், இக்கதையில் மேற்கொண்டு சொல்வதற்கு எதுவும் இராது.

முதல் முயற்சியில் 412-க்கு 268 கட்டுரைகளே வந்து சேர்ந்தன. வேர்ட்பிரஸ் இயங்குவது பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில். ஏற்றப்படும் கோப்பு 2 மெகாபைட்டுக்கு மேற்படலாகாது, ஒரு பணி 30 வினாடிக்கு மேல் நீடிக்கலாகாது என்பன அம்மொழியில் இயல்பாக அமைந்த வரம்புகள். வழங்கியின் உரிமையாளர் இவற்றை உயர்த்தியிருக்கலாம்; உயர்த்தாமலும் விட்டிருக்கலாம். பெரிய கோப்பானால் பணி பாதி வழியில் நின்றுவிடுகிறது. வேர்ட்பிரஸ் கோப்புகளுக்குரிய இறக்குமதி நிரல், தலைப்பும் நாளும் ஒத்திருக்கும் கட்டுரை முன்பே வந்திருந்தால் அதனை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும். ஆதலால் அதே கோப்பை மீண்டும் கொடுத்தாலும் இரட்டிப்பு நேராது. நாங்கள் கையாண்டதும் அவ்வகை நிரலே. மும்முறை முயன்றபின் 412 என்ற எண் நிறைவுற்றது. பழைய எண்ணிக்கையை முன்னதாகக் குறித்து வைத்திராவிட்டால், 268-ஐக் கண்டே மனநிறைவு அடைந்திருப்போம்.

அடுத்த இடறல் படங்களில். புதிய தளத்தில் படங்கள் யாவும் அழகாகத் தெரிந்தன. பழைய தளத்தை நீக்கிவிடலாமா என்று அம்மகள் கேட்டார். ஓர் ஐயம் தோன்றி, ஒரு படத்தின் முகவரியைப் பார்த்தேன். அது பழைய வீட்டையே காட்டிற்று. கோப்பில் வருவது கட்டுரையின் எழுத்தும், படம் இருக்கும் இடத்தின் முகவரியும் மட்டுமே. படம் தானாக வருவதில்லை. அதாவது, புதிய வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தவை படங்கள் அல்ல. பழைய வீட்டுச் சுவரைப் பார்க்கும் சன்னல்கள். பழைய வீட்டை இடித்திருந்தால் அத்தனையும் இருண்டிருக்கும். வேர்ட்பிரஸ் இறக்குமதி நிரலில், இணைப்புக் கோப்புகளையும் தரவிறக்கிக்கொள் என்று கட்டளையிட ஒரு கட்டம் உண்டு. ஆனால் கோப்பில் இணைப்புகளாகப் பட்டியலிடப்பட்டவற்றையே அது கொணரும். ஏனைய படங்களை வேறு செருகுநிரல் கொண்டோ, ஒவ்வொன்றாகக் கையாலோ எடுத்து வர வேண்டும். எடுத்து வந்தோம். ஆயினும், பெரியவர் தொடக்க ஆண்டுகளில் வேறோர் இலவசப் படக்கிடங்கில் வைத்த 31 படங்கள், அக்கிடங்கு முன்பே மூடப்பட்டதால், என்றோ போய்விட்டிருந்தன. முதல் பொங்கலின் படமும் அவற்றுள் ஒன்று. அதன் அச்சுப்படி பின்னர் அவர் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. ஏனைய முப்பதும் கிடைத்தில.

மூன்றாவது, முகவரி. புதிய வீட்டுக்குப் போகுமுன் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் கடிதங்களைத் திருப்பி அனுப்புவார்கள் அல்லவா? இணையத்திலும் அவ்வேற்பாடு உண்டு. 301 என்னும் எண்ணுடைய மறுமொழியை வழங்கி தந்தால், 'இப்பக்கம் நிரந்தரமாக இவ்விடத்துக்கு மாறிவிட்டது' என்று பொருள். முகவரி நம் சொந்தப் பெயரில் இருந்தால் இதனை நாமே அமைக்கலாம். பிறருடைய பெயரின்கீழ் அமைந்த இலவச முகவரியில் அவ்வுரிமை நமக்கில்லை. 'குடிபெயர்ந்துவிட்டோம்' என்று பழைய வீட்டு வாசலில் பலகை மாட்டிவைப்பதோடு நிற்க வேண்டியதுதான். கட்டுரைக்குள்ளேயே நம் மற்றொரு கட்டுரைக்கு இட்ட இணைப்புகளும் பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும். அவற்றையும் திருத்த வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கென்றே உள்ள சில சிக்கல்களையும் கூறவேண்டும். பிளாகர், தமிழ்த் தலைப்பிலிருந்து முகவரி அமைக்க இயலாமல், 'பிளாக் போஸ்ட்' என்ற பொதுச் சொல்லும் ஓர் எண்ணுமாகப் பெயரிட்டுவிடும். ஆகவே எந்த முகவரி எந்தக் கட்டுரைக்குரியது என்று முகவரியைக் கண்டு அறிய முடியாது. வேர்ட்பிரஸோ தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கும். ஆனால் அதற்கு ஒதுக்கிய இடம் 200 குறிகள். யூனிகோட் முறையில் ஒரு தமிழ்க் குறியை முகவரியில் எழுத 9 இடம் வேண்டும். 'கோ' என்பது 'க' என்னும் எழுத்தும் அதன்மேல் ஏறும் ஓகாரக் குறியுமாக 18 இடம் கொள்ளும். ஆகத் தலைப்பின் முதல் 22 குறிகளே முகவரியில் நிற்கும்; எஞ்சியவை அறுபட்டுப்போம். கட்டுரைக்கு இதனால் தீங்கில்லை. எனினும் முகவரியை உரோமன் எழுத்தில் சுருக்கமாக நாமே அமைத்துவிடுதல் நன்று.

யூனிகோடுக்கு முற்பட்ட திஸ்கி முதலிய முறைகளில் தட்டெழுதிய பழைய பக்கங்களை, இடம்பெயர்ப்பதற்கு முன்பே யூனிகோடாக மாற்றிக்கொள்ள வேண்டும். புதிய தளத்தின் தரவுத்தளமும் யூனிகோடை ஏற்பதாக அமைந்திருத்தல் வேண்டும். இல்லையேல், தலையில் குறி சுமந்த உரோமன் 'ஏ' எழுத்துகள் வரிசை வரிசையாக வந்து நிற்கும். கால அமைப்பையும் நோக்குக. அமெரிக்க மேற்குக் கரையின் நேரப்படி அமைந்த தளத்தில், தில்லியில் காலையில் வெளியிட்ட கட்டுரை முந்திய நாள் தேதியைப் பெற்றிருக்கும். ஒருவர் நினைவுநாளைப் பற்றிய கட்டுரைக்கு ஒரு நாள் பிழையும் பிழைதான்.

ஆகவே, இவ்வேலையில் இறங்குவோர்க்கு நான் கூறுவது இது. முதலில் கட்டுரை, மறுமொழி, படம் ஆகியவற்றின் எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பை எடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டு, பிறகு இறக்குமதி செய்யுங்கள். வந்தவற்றை எண்ணுங்கள். பத்துக் கட்டுரைகளையேனும் முழுவதும் படித்துப் பாருங்கள். படத்தின் முகவரி புதிய வீட்டைக் காட்டுகிறதா என்று சோதியுங்கள். இவை முடிந்து சில மாதங்கள் செல்லும்வரை பழைய வீட்டின் சாவியை ஒப்படைக்காதீர்கள்.

இப்போது இடம்பெயரும் எண்ணமே இல்லாதவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை அக்கோப்பை எடுத்து வைத்துக்கொள்வது நலம். கடவுச்சொல்லை வீட்டில் ஒருவரிடமாவது கூறி வையுங்கள். எங்கள் குடியிருப்புப் பெரியவரின் கட்டுரைகளை இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் பெங்களூரிலும் புணேயிலும் இருந்து படிக்கிறார்கள். சென்ற பொங்கலன்று அவர்களுள் ஒருவர், தாத்தா பெயர் சொல்லி எழுதிய ஒரு குடும்பத்தைத் தாம் அறிந்திருப்பதாக ஒரு கட்டுரையின் அடியில் மறுமொழி எழுதியிருந்தார். 413-ஆவது கட்டுரையை அவரே எழுதப் போகிறாராம்.