நாய்ப் பூங்கா

நாய்ப் பூங்கா என்பது வளர்ப்பு நாய்கள் சங்கிலியோ கயிறோ இன்றி ஓடியாடுவதற்கென வேலியிட்டு ஒதுக்கப்பட்ட பொது இடம் ஆகும். இது தனி நிலத்தில் அமைக்கப்படுவதும் உண்டு. ஏற்கனவே உள்ள பொதுப் பூங்காவின் ஒரு பகுதியைத் திருத்தி அமைப்பதும் உண்டு. இரண்டாவது முறையே செலவு குறைந்தது. ஆனால் சிக்கல் மிகுந்ததும் அதுவே. ஏனெனில் அங்கே குழந்தைகள், முதியோர், நடைப்பயிற்சி செய்வோர், தெருநாய்கள் என முன்பிருந்தே உரிமை கொண்டாடும் பலர் உள்ளனர். ஏற்காடு போன்ற மலை ஊர்களில் இப்பட்டியலில் காட்டு விலங்குகளும் சேர்ந்துகொள்கின்றன.

தேவை

நாய் ஓடுவதற்கென உடலமைப்புப் பெற்ற விலங்கு. தமிழகத்து நாட்டு இனங்களான கன்னி, சிப்பிப்பாறை ஆகியவை முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. பார்வையால் இரையைக் கண்டு மிகுந்த விரைவுடன் துரத்துபவை. இராஜபாளையம், கோம்பை ஆகிய இனங்களும் வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டவை. இவற்றுள் இராஜபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டு வெளியிட்டது. வேட்டை இன்று சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. நாயின் கால்களுக்கு அச்சட்டம் தெரியாது. அடுக்குமாடி வீட்டில் அடைபட்டு, நாளுக்கு இருமுறை கயிற்றின் முனையில் மெல்ல நடக்கும் நாய், ஓயாது குரைத்தல், பொருட்களைக் கடித்துக் குதறுதல், உடல் பருத்தல் ஆகியவற்றுக்கு எளிதில் ஆளாகின்றது. பிற நாய்களுடன் பழக வாய்ப்பில்லாமல் வளரும் குட்டி, பின்னாளில் அவற்றைக் கண்டு அஞ்சவோ சீறவோ தொடங்குகின்றது.

வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி நகரில் உள்ள ஓலோன் நாய்ப் பூங்கா, இவ்வகைப் பூங்காக்களுள் மிகப் பழையது எனப் பரவலாகக் கருதப்படுகின்றது. நிலத்தடித் தொடர்வண்டிப் பாதைக்காக வீடுகள் அகற்றப்பட்ட நிலத்தில் 1979ஆம் ஆண்டு சோதனை முயற்சியாக இது தொடங்கப்பட்டது. செருமனியில் வழக்கம் வேறு. பெர்லின் நகரின் குருனேவால்ட் காட்டில் வேலியில்லாத பெரும் பரப்பு நாய்கள் உலவ விடப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் பொது இடங்களில் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு ஈடாகப் பீசான்-அங் மோ கியோ பூங்கா முதலிய இடங்களில் வேலியிட்ட ஓடுகளங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

இந்தியாவில் ஐதராபாத் பெருநகர மாநகராட்சி 2018ஆம் ஆண்டு கொண்டாப்பூரில் திறந்த பூங்கா, நாய்களுக்கெனவே அமைக்கப்பட்ட நாட்டின் முதல் பூங்கா எனப்படுகின்றது. குப்பை கொட்டப்பட்டு வந்த சுமார் 1.3 ஏக்கர் நிலம் இதற்காகத் திருத்தப்பட்டது. ஏறத்தாழ 1.1 கோடி ரூபாய் செலவில் புல்வெளி, நடைபாதை, பயிற்சிக் கருவிகள், நீர் விளையாட்டுக் குட்டை, பெரிய நாய்களுக்கும் சிறிய நாய்களுக்கும் தனித்தனி அடைப்புகள், கால்நடை மருத்துவ வசதி ஆகியன அமைக்கப்பட்டன. யாரும் உரிமை கோராத பாழிடத்தைத் தேர்ந்தெடுத்ததே இதில் கவனிக்கத்தக்கது. குழந்தைகள் விளையாடும் பூங்காவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தால் இப்பூங்கா எளிதில் உருவாகியிராது.

சென்னை நிகழ்வும் சட்டமும்

2024ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், கயிறின்றி விடப்பட்ட இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. அவள் அப்பூங்காவின் காவலாளி மகள், பூங்காவிலேயே வாழ்ந்தவள். இதன்பின் வளர்ப்பு நாய்களுக்கான உரிமம், கயிறு, வாய்மூடி ஆகியவற்றைப் பெருநகர சென்னை மாநகராட்சி வலியுறுத்தியது.

இந்நிகழ்வை நாய்ப் பூங்காவுக்கு எதிரான சான்றாகக் கொள்வோரும் உண்டு, ஆதரவான சான்றாகக் கொள்வோரும் உண்டு. வேலியும் விதியும் இல்லாத இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டதே இங்கு நேர்ந்த தவறு என்பதால், இரண்டாவது கருத்தே வலுவுடையது. ஆயினும் நாய்ப் பூங்காவின் வாயில் பழுதடைந்திருந்தால் அதுவும் வேலியற்ற இடமாகிவிடும் என்பதை மறுக்க இயலாது.

விலங்கினால் பிறருக்குத் தீங்கு நேராதபடி காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நாய்ப் பூங்காவிற்குள் நுழைந்துவிட்டதால் இப்பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

அமைப்பு முறை

ஓர் ஏக்கர் அளவு நிலம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. இதைவிட இடம் குறைந்தால் நாய்கள் ஒன்றையொன்று விலகிச் செல்ல வழியின்றிச் சண்டை மிகும். புல்லும் விரைவில் தேய்ந்து சேறாகும். வேலி ஐந்து முதல் ஆறு அடி உயரம் இருத்தல் நன்று. கன்னி, சிப்பிப்பாறை போன்ற நீண்ட கால்களையுடைய நாய்கள் நான்கடி வேலியை எளிதில் தாண்டிவிடும். வேலியின் அடியைச் சிறிது மண்ணில் புதைக்காவிட்டால் தோண்டி வெளியேறும் நாய்களும் உள்ளன.

மிக இன்றியமையாத உறுப்பு இரட்டை வாயில் ஆகும். வெளிக்கதவைத் திறந்து சிறு அறை போன்ற இடைவெளிக்குள் வந்து, அதை மூடிய பின்னரே உட்கதவு திறக்கப்படும். கயிறு அங்குதான் அவிழ்க்கப்படும். உள்ளே இருக்கும் நாய்கள் புதிய நாயைக் காண வாயிலில் திரளும் என்பதால், பெரும்பாலான சண்டைகள் அங்கேயே தொடங்குகின்றன. எனவே நெரிசலான பூங்காக்களில் இரண்டு வாயில்கள் வைப்பது நல்லது. வாயில் மூலையில் அமையாமல் வேலியின் நடுப்பகுதியில் அமைந்தால், மூலையில் மாட்டிக்கொள்ளும் நாய் இராது.

தடுப்பூசி இல்லாத நாயை அனுமதிக்கலாகாது. மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களாலேயே பரவுவதாக உலக நலவாழ்வு அமைப்பு கூறுகின்றது. அறிகுறி தோன்றிவிட்டால் இந்நோய் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிக்கும். ஆனால் கடித்த உடன் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். குட்டிகளுக்குப் பார்வோ நச்சுயிரிக்கு எதிரான தடுப்பூசிகள் முடிய ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆகும். அதுவரை அவற்றை அழைத்து வரலாகாது. பருவத்தில் உள்ள பெண் நாய்களுக்கும் இதே விதி பொருந்தும்.

சேர்வராயன் மலையில்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டை அடையலாம். ஏரியும் காடும் சேர்ந்ததே இவ்வூரின் பெயர் எனக் கூறுவர். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கு காப்பி பயிரிடப்பட்டது. தோட்டங்களில் காவலுக்கு நாய் வளர்ப்பது பழைய வழக்கம். மே மாதத்தில் நடைபெறும் கோடை விழாவில் அண்ணா பூங்காவின் மலர்க்கண்காட்சிக்கு அடுத்தபடியாக மக்கள் விரும்பிப் பார்ப்பது நாய்கள் கண்காட்சி ஆகும். சமவெளியின் வெயிலில் வாடிய நாய்களைக் காரில் ஏற்றிவரும் சுற்றுலாப் பயணிகளும் உள்ளனர். வளைவுகளில் வாந்தியெடுத்து வந்து சேரும் அந்த நாய்களுக்கு முதலில் வேண்டுவது ஓட்டமன்று, நீரும் ஓய்வுமே ஆகும்.

இத்தகைய ஊரில் பொதுப் பூங்காவை நாய்களுக்கு ஏற்பத் திருத்துவதில் சமவெளியில் இல்லாத சில சிக்கல்கள் உள்ளன. முதலாவது காட்டுமாடு (காட்டெருமை என்றும் வழங்குவர்). காப்பித் தோட்டங்களுக்குள்ளும் சாலையோரங்களிலும் வரும் இவ்விலங்கு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. நாய் குரைத்தபடி அதைத் துரத்தினால், மிரண்ட காட்டுமாடு திரும்பித் தாக்கும். நாயோ தன்னைக் காக்க உரிமையாளரை நோக்கியே ஓடிவரும். பின்னால் ஏறத்தாழ ஒரு டன் எடையும் வரும். ஆகவே பெர்லினைப் போல வேலியற்ற உலாக்காடு இங்கு பொருந்தாது.

மான்கள் இதற்கு நேர்மாறானவை. ஏரியை ஒட்டி மான் பூங்கா உள்ளது. துரத்தப்பட்ட மான் கடிபடாவிட்டாலும், அச்சத்தாலும் தசைச் சிதைவாலும் சில நாட்களில் இறக்கக்கூடும். எனவே ஏரிக்கரையை விட்டு விலகிய இடமே ஓடுகளத்துக்கு ஏற்றது. நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்குப் பரவும் டிசுடெம்பர் நோயையும் கருத வேண்டும். 2018ஆம் ஆண்டு கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தபோது, அவற்றுள் பலவற்றில் இந்நச்சுயிரி கண்டறியப்பட்டது.

மற்றொன்று மண். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் சரிவு நிலத்தில், நாய்கள் ஓடிப் புல் அழிந்த இடம் ஒரே பருவத்தில் அரித்து ஓடையாகும். மலக்கழிவு அகற்றப்படாவிடில் அது மழைநீருடன் தாழ்வான ஏரிக்குச் சென்று சேரும். கொக்கிப்புழுவின் இளம்புழுக்களும் எலிக்காய்ச்சல் கிருமிகளும் ஈர மண்ணில் நெடுநாள் நிலைப்பவை. இதனால் சரிவைப் படிக்கட்டு வயல் போலச் சமன்செய்து, கீழ்ப்புறத்தில் புல் வரப்பும் வடிகாலும் அமைத்து, களத்தை இரண்டாகப் பிரித்து மாறிமாறிப் பயன்படுத்துவது உகந்தது. பை வைத்துக் கழிவை எடுத்துச் செல்வதற்குக் குப்பைத் தொட்டி மட்டும் போதாது. நாள்தோறும் அதைக் காலி செய்ய ஆள் வேண்டும். பல பூங்காக்கள் தோற்பது இவ்விடத்தில்தான்.

பூந்தோட்டமாக இருந்த நிலத்தை மாற்றும்போது தாவரங்களையும் உரங்களையும் ஆராய வேண்டும். அரளி நாய்க்கு நஞ்சு. சைக்கசு விதைகள் கல்லீரலை அழிப்பவை. காப்பிக் கொட்டையில் உள்ள காஃபீன், மனிதரைவிட நாயை மிகுதியாகத் தாக்கும். நத்தைகளைக் கொல்லத் தூவும் மருந்தும் இனிப்பாக இருப்பதால் நாய்கள் உண்டுவிடும். யாரும் ஐயுறாதது ஆமணக்குப் புண்ணாக்கு. இயற்கை உரம் என்று ரோசாச் செடிகளுக்கு இடப்படும் இதன் மணம் நாய்களை ஈர்க்கின்றது. இதில் எஞ்சியிருக்கும் ரிசின் நஞ்சு குருதிக்கழிச்சலை உண்டாக்கிக் கொல்லவும் வல்லது. இவ்வுரம் இட்ட பாத்திகளைக் களத்துக்குள் விட்டுவைக்கலாகாது.

தெருநாய்கள்

நாய்ப் பூங்கா வளர்ப்பு நாய்களுக்கானது. ஆனால் இந்தியப் பூங்காக்களில் ஏற்கனவே வாழ்பவை பெரும்பாலும் தெருநாய்களே. 2001ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, இவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் பொது முறையாகும். தம் இடத்தில் வேலி எழுவதைக் கண்ட தெருநாய்கள் வேலியோரம் நின்று குரைக்கும். உள்ளே உள்ளவையும் குரைக்கும். வேலியின் கீழ்ப்பகுதியை மூங்கில் தட்டியாலோ செடியாலோ மறைத்தால் இது பெரிதும் குறையும். பணி தொடங்குமுன் சுற்றுப்புறத் தெருநாய்கள் அனைத்துக்கும் தடுப்பூசி இடப்படுமாயின், பூங்காவுக்கு நாயே கொண்டுவராதவர்களுக்கும் அதன் பயன் சென்று சேரும்.