கண்ணுக்குத் தெரியும் புற்றுநோய்

உங்கள் ஜியாமிதிப் பெட்டியைத் திறந்து அளவுகோலை எடுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டரும் பத்துச் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒரே ஒரு பகுதியை உற்றுப் பாருங்கள். அதுதான் ஒரு மில்லிமீட்டர். இந்தச் சிறு இடைவெளி, ஒருவர் பிழைப்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கக்கூடும் என்றால் நம்புவீர்களா? மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் அப்படித்தான் நடக்கிறது.

புற்றுநோய் என்றதும், அது முதியவர்களுக்கு வரும் நோய் என்றே நாம் எண்ணுகிறோம். மெலனோமாவும் வயதானவர்களிடம்தான் மிகுதி. ஆயினும் இருபது, முப்பது வயது இளைஞர்களையும் அது விட்டுவைப்பதில்லை. இன்று பள்ளியில் படிக்கும் நீங்கள் இன்னும் சில ஆண்டுகளில் அந்த வயதை எட்டிவிடுவீர்கள் அல்லவா? எனவே இதைப் பற்றி இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த நோயில் ஓர் ஆறுதலும் உண்டு. இரைப்பையிலோ நுரையீரலிலோ வளரும் கட்டியை நம்மால் பார்க்க முடியாது. தோலில் வளர்வதைப் பார்க்க முடியும். அதற்கு இரண்டு கண்களும் ஒரு முகக்கண்ணாடியும் போதும்.

நிறம் தரும் செல்கள்

நம் தோல் இரண்டு முக்கிய அடுக்குகளால் ஆனது. வெளியே இருப்பது புறத்தோல். உடலின் பெரும்பாலான இடங்களில் இது ஒரு தாளின் தடிமனே உள்ளது. இதற்குக் கீழே இருப்பது அகத்தோல். இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அகத்தோலில்தான் ஓடுகின்றன. புறத்தோலில் இரத்தக் குழாய்களே இல்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

புறத்தோலின் அடி வரிசையில் மெலனோசைட்டுகள் என்னும் செல்கள் அங்கங்கே அமர்ந்திருக்கின்றன. மெலனின் என்னும் கரும்பழுப்பு நிறமியைத் தயாரிப்பது இவற்றின் வேலை. தயாரித்த நிறமியை அக்கம்பக்கத்துச் செல்களுக்கு இவை வழங்குகின்றன. அந்தச் செல்கள் அதைத் தம் உட்கருவின் மேல் குடைபோல் விரித்து வைத்துக்கொள்கின்றன. கறுப்பு நிறத்தவருக்கும் வெள்ளை நிறத்தவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. அவை தயாரிக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும், அது பரவியுள்ள விதத்திலும்தான் வேறுபாடு.

குடை எதற்கு? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதற்கு. இக்கதிர்கள் செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இழையைத் தாக்குகின்றன. அதில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பகுதியை வெட்டி எறிந்து புதிதாகத் தைத்துக்கொள்ளும் பழுதுபார்ப்பு வேலை செல்லுக்குள் ஓயாமல் நடக்கிறது. பிறவியிலேயே இத்திறமை குறைந்த சிலருக்குச் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது. அவர்களுடைய செல்களில் நடக்காமல் போவது இந்தப் பழுதுபார்ப்பு வேலைதான் என்று ஜேம்ஸ் கிளீவர் என்னும் அறிவியலார் 1968-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். பிறவியிலேயே மெலனின் உண்டாகாதவர்களுக்கும் இதுபோன்ற ஆபத்து உண்டு. அவர்களை வெயிலிலிருந்து தனிக் கவனத்துடன் காக்க வேண்டும்.

பழுது சரியாகாமல் குவிந்துகொண்டே போனால், ஒரு நாள் ஏதோ ஒரு செல் கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்குகிறது. புறத்தோலின் அடிச் செல்களிலும், அவற்றுக்கு மேலுள்ள தட்டைச் செல்களிலும் தோன்றும் புற்றுநோய்கள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. மெலனோசைட்டில் தோன்றுவதே மெலனோமா. மூன்றில் இதுவே அரிது. ஆனால் இதுவே கொடியது.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

உலகில் தோல் புற்றுநோய் மிகுந்த நாடுகள் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆகும். காரணம் என்ன? மங்கிய வெயில் கொண்ட பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்தும் சென்றவர்களின் வழித்தோன்றல்களே அங்குப் பெரும்பான்மையினர். அவர்களுடைய வெளிறிய தோலுக்கு அந்தக் கடும் வெயில் பழக்கப்பட்டதன்று. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் ஆஸ்திரேலியர்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் மெலனோமாவும் ஒன்று.

1981-ஆம் ஆண்டில் அங்கே தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் கடற்பறவை ஆடிப் பாடியது. “ஸ்லிப்! ஸ்லொப்! ஸ்லாப்!” என்பது அதன் பாட்டு. சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியைக் கவிழ் என்று பொருள். குழந்தைகள் அந்தப் பாட்டை மனப்பாடமாகக் கற்றார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினரிடம் மெலனோமா குறைந்து வருகிறது. தோலைப் பழுப்பாக்கிக்கொள்வதற்காகச் செயற்கைப் புற ஊதா விளக்குகளின் கீழே படுக்கும் பழக்கமும் மேலை நாட்டு இளைஞர்களிடம் இருந்தது. 2009-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அந்த விளக்குகளைப் புகையிலையோடு ஒரே பட்டியலில் சேர்த்தது.

ஆழம் காட்டும் அளவுகோல்

1970-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஓர் எளிய வேலையைச் செய்தார். வெட்டி எடுக்கப்பட்ட மெலனோமாக்களை நுண்ணோக்கியில் வைத்து, அவை தோலின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளன என்று அளந்தார். அந்த ஆழத்தைக் கொண்டே நோயாளியின் எதிர்காலத்தைப் பெருமளவு கணிக்க முடியும் என்று கண்டார். இன்றும் மருத்துவர்கள் முதலில் கேட்பது பிரெஸ்லோவின் இந்த அளவைத்தான்.

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? புறத்தோலில் இரத்தக் குழாய் இல்லை என்று பார்த்தோம் அல்லவா? மெலனோமா புறத்தோலுக்குள்ளேயே அகலவாட்டில் பரவும்வரை, அதற்கு உடலின் மற்ற இடங்களுக்குப் போக வழியில்லை. கீழே இறங்கி அகத்தோலைத் தொட்டால் வழி திறக்கத் தொடங்குகிறது. நிணநீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் அது நுரையீரல், கல்லீரல், மூளை எங்கும் பயணம் செய்யலாம்.

ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காத மெலனோமாவை, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகிறார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடிக்கும் சிறு அறுவை அது. நான்கு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் ஆபத்து மிகுதி. தோன்றிய இடத்தைவிட்டு நகராத நிலையில் நோய் கண்டறியப்பட்டால், 100 பேரில் 99 பேருக்கு மேல் ஐந்தாண்டுகள் கடந்தும் நலமாக வாழ்கிறார்கள் என்கின்றன அமெரிக்கக் கணக்குகள். தொலைவான உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டறிந்தால் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 35 ஆகக் குறைந்துவிடுகிறது. 2011-க்குப் பின் வந்த புதிய மருந்துகளின் உதவியால்தான் இந்த அளவாவது எட்ட முடிந்தது.

மச்சமா, மெலனோமாவா?

மச்சம் இல்லாத மனிதர் அரிது. சிறு வயதிலும் வாலிபத்திலும் புதிய மச்சங்கள் தோன்றுவது இயல்பே. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒரு தீங்கும் செய்வதில்லை. ஐயத்துக்கு உரியதை எப்படி இனங்காண்பது? நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1985-இல் நான்கு அடையாளங்களைத் தொகுத்துக் கொடுத்தனர். 2004-இல் ஐந்தாவது ஒன்று சேர்ந்தது.

1. வடிவம்: நடுவே கோடு போட்டால் இரு பாதிகளும் ஒன்றுபோல் இல்லாமை.
2. விளிம்பு: ஓரம் கிழிந்த தாள்போல் ஒழுங்கற்று இருத்தல்.
3. நிறம்: ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு எனப் பல நிறங்கள் கலந்திருத்தல்.
4. விட்டம்: 6 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல்.
5. மாற்றம்: சில வாரங்களில் அல்லது மாதங்களில் அளவோ, நிறமோ, உயரமோ மாறுதல், அரித்தல், இரத்தம் கசிதல்.

இவற்றுள் ஐந்தாவது மிக முக்கியமானது. உங்கள் உடலில் உள்ள மற்ற மச்சங்களோடு சேராமல் தனித்து நிற்கும் மச்சத்தையும் கவனிக்க வேண்டும். இந்த அடையாளங்களுள் ஒன்று இருந்தாலே அது புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதே பொருள். அவர் உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார். தேவையானால் அதை அகற்றித் திசு ஆய்வுக்கு அனுப்புவார்.

கறுத்த தோலுக்கு வராதா?

“நமக்குத்தான் மெலனின் குடை இருக்கிறதே, கவலை எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், இந்தியர்களிடம் மெலனோமா அரிது. ஆனால் அரிது என்பதாலேயே அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதுவும், வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் அது பதுங்கிக்கொள்கிறது. எனவே முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது.

ஜமைக்கா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லி கறுப்பினத்தவர். கால்பந்து ஆட்டத்தில் பெருவிருப்பம் கொண்டவர். 1977-இல் அவருடைய கால் பெருவிரலின் நகத்துக்கு அடியில் மெலனோமா இருப்பது தெரியவந்தது. ஆட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் அது கருதப்பட்டது. விரலையே எடுத்துவிட வேண்டும் என்று கூறப்பட்ட யோசனையை அவர் ஏற்கவில்லை. நகப் பகுதியை மட்டும் அகற்றிக்கொண்டார். நோய் மூளைக்கும் பரவியது. 1981 மே 11 அன்று, 36-ஆம் வயதில் அவர் மறைந்தார். காயமே புற்றுநோயை உண்டாக்கியது என்று கொள்ள வேண்டாம். ஆறாத ‘காயம்’ காயமாகவே இருக்க வேண்டியதில்லை என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

நம்மவர்களின் நகங்களில் பழுப்புக் கோடுகள் இருப்பது வழக்கம். பல நகங்களில் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோடும், நகத்தைத் தாண்டிச் சுற்றுத் தோலுக்குப் பரவும் கருமையும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணும், பழைய தீக்காயத் தழும்பில் மீண்டும் தோன்றும் புண்ணும் அப்படியே.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் மனித உருவத்தை முன்புறமும் பின்புறமுமாக வரையுங்கள். உங்கள் உடலில் உள்ள மச்சங்களை உரிய இடத்தில் குறித்து, அளவுகோலால் அளந்து, நிறத்தையும் தேதியையும் எழுதுங்கள். விரல் இடுக்குகள், உள்ளங்கால், நகங்கள் ஆகியவற்றை மறந்துவிடாதீர்கள். தாளைப் பத்திரப்படுத்தி, ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதுகை நாமே பார்த்துக்கொள்ள முடியாது. அண்ணனுக்குத் தம்பியும் அக்காவுக்குத் தங்கையும் பார்த்துச் சொல்லலாம். வெறுங்காலோடு வயலில் நடக்கும் தாத்தாவின் உள்ளங்காலை ஒரு நாள் கழுவித் துடைத்துப் பாருங்கள். அங்கே ஒரு கரும்புள்ளி இருந்து, “அது முள் குத்தின தழும்பு, விடு” என்று அவர் சொன்னால், எத்தனை நாளாக இருக்கிறது, வளர்கிறதா என்று கேளுங்கள். விடை தெளிவாக இல்லையென்றால், அவரை அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லும்படி வீட்டில் சொல்லுங்கள். தழும்பாகவே இருந்தால் மகிழ்ச்சி. ஒரு காலைப் பொழுதுதான் செலவு. வேறாக இருந்தால், அது இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறங்குவதற்குள் நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.