விண்டோஸ் மேசைக்கணினிச் செயலிகளில் தமிழ் எழுத்துச் சிக்கல்களும் தீர்வுகளும்: உடன்குடி வட்டாரச் சொற்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விண்டோஸ் இயங்குதளத்திற்கான மேசைக்கணினிச் செயலிகளை உருவாக்குவோர் தமிழ்த் தரவைக் கையாளும்போது எழுத்தெண்ணிக்கை, அகரவரிசை, தேடல், சேமிப்பு, புணர்ச்சி ஆகியவற்றில் ஒரே வகையான இடர்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்கின்றனர். இவை தனித்தனிப் பிழைகள் போலத் தோன்றினும், இவற்றுள் பெரும்பாலானவை ‘எழுத்து’ என்பதற்கு இலக்கணமும் கணினியும் கொள்ளும் பொருள் வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. உடன்குடி வட்டாரத்தின் பனைத்தொழிற் சொற்களும் தூத்துக்குடி மாவட்ட ஊர்ப்பெயர்களும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, குறியெண், புள்ளி, அகரவரிசை, இயல்பாக்கம், மேசைக்கணினிச் செயலி

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே அமைந்த உடன்குடி, கருப்பட்டிக்குப் பெயர்பெற்றது. பனையேறுவோர் தொகை குறைந்துவரும் நிலையில், அத்தொழிலோடு வழங்கிய சொற்களைத் தொகுத்து வைப்பது தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றாகிறது. இத்தகைய தொகுப்புகள் இன்று பெரும்பாலும் கணினியிலேயே அமைகின்றன. கருப்பட்டி, கற்கண்டு, கள், கட்டி, கடகம் முதலிய சொற்களைப் பதிவுசெய்து, வரிசைப்படுத்தி, தேடித் தரும் ஒரு விண்டோஸ் செயலி உருவாக்கப்படுவதாகக் கொள்வோம். அச்செயலி சொல்லைப் பிழையாக வரிசைப்படுத்தினால் திருத்திவிடலாம். சொல்லையே சிதைத்துச் சேமித்தால், சொன்னவர் மறைந்த பின் அதனை மீட்க வழியில்லை. ஆகவே, இச்சிக்கல்களின் வேரை அறிவது நிரலாளருக்கு மட்டுமன்றித் தமிழாய்வாளருக்கும் தேவையாகிறது.

எழுத்தும் குறியெண்ணும்

தொல்காப்பியம் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என முப்பது எழுத்துகளை முதலாக வைக்கிறது. மெய்யின் இயல்பு புள்ளி பெற்று நிற்பது. அகரம் ஏறும்போது புள்ளி நீங்கும். பிற உயிர்கள் ஏறும்போது வடிவம் திரியும். இவ்விலக்கணத்தின்படி ‘க்’ அடிப்படை; ‘க’ அதன்மேல் உயிரேறிய வடிவம்.

1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கென 1988-இல் அமைந்த இஸ்கி குறியாக்கத்தை அடியொற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. இதில் நிலை தலைகீழானது. அகரமேறிய ‘க’ அடிப்படையாயிற்று. அதற்குரிய குறியெண் 2965. புள்ளி, 3021 என்னும் எண்ணுடைய தனிக்குறியாயிற்று. ஒருங்குறியில் ‘க்’ என்பது ‘க’ உடன் புள்ளி சேர்ந்த இரண்டு குறியெண்களாகும். இலக்கணம் மெய்யிலிருந்து தொடங்க, கணினி அகர உயிர்மெய்யிலிருந்து தொடங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பின்வரும் சிக்கல்கள் பல எளிதில் விளங்கும்.

எழுத்தெண்ணிக்கையும் வெட்டுதலும்

‘உடன்குடி’ என்னும் பெயரில் உ, ட, ன், கு, டி என ஐந்து எழுத்துகள் உள்ளன. டாட்நெட் சட்டகத்தில் ஒரு சரத்தின் நீளத்தைக் கேட்டால் 8 என்னும் விடை வருகிறது. ‘ன்’, ‘கு’, ‘டி’ ஆகிய மூன்றும் இவ்விரண்டு குறியெண்களால் ஆனவை என்பதே காரணம். ‘கருப்பட்டி’யில் எழுத்து ஆறு, குறியெண் பத்து.

எண்ணிக்கை பிழைப்பதோடு இது நிற்பதில்லை. அச்சிடும் சீட்டில் இடம் போதாமையால் ‘கருப்பட்டி’யை நான்கு குறியெண்களோடு நிறுத்தினால் ‘கருப’ என்று வரும். ‘ப்’ என்பதன் புள்ளி துண்டிக்கப்பட்டு, மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது. பயன்படுத்துவோர் இதனைத் தட்டச்சுப் பிழை என்றே எண்ணுவர்.

இதற்கான தீர்வு எளிது. குறியெண்களை எண்ணாமல், அடிப்படைக் குறியையும் அதனைச் சாரும் குறிகளையும் ஓர் அலகாகக் கொண்டு எண்ணவேண்டும். டாட்நெட்டின் ‘ஸ்ட்ரிங்இன்ஃபோ’ வகுப்பு இவ்வலகுகளைப் பிரித்துத் தருகிறது. தமிழ் எழுத்துகளுக்கு இப்பிரிப்பு பொருந்தும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துகளை அது இரண்டிரண்டு அலகுகளாகக் கொள்வதால், அவற்றை ஓரெழுத்தாகக் கருத விரும்பும் நிரலாளர் தனியே விதி எழுதவேண்டும்.

அகரவரிசை

குறியெண் வரிசையையே அகரவரிசையாகக் கொள்வது பரவலாகக் காணப்படும் பிழை. ஒருங்குறி அட்டவணையில் ‘ன’ 2985, ‘ப’ 2986. ‘ற’ 2993, ‘ல’ 2994, ‘ள’ 2995, ‘ழ’ 2996, ‘வ’ 2997. தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை, னகரமே இறுதி. ஆகவே குறியெண் வழி வரிசைப்படுத்தினால் கருப்பட்டி, கற்கண்டு, கள் என வரும். கருப்பட்டி, கள், கற்கண்டு என்பதே அகராதி முறை. இவ்வாறே, பழத்திற்குப் பின் வரவேண்டிய பனை அதற்கு முன் வந்துவிடுகிறது.

புள்ளியும் வரிசையைக் குலைக்கிறது. அகராதியில் மெய்யெழுத்து முன்னும் அதன் உயிர்மெய்கள் பின்னும் அமையும். எனவே, ‘கட்டி’ முதலிலும் ஓலைப்பெட்டியைக் குறிக்கும் ‘கடகம்’ அதன் பின்னும் வரவேண்டும். புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பின்னர் இருப்பதால் கணினி ‘கடகம்’ என்பதையே முன்வைக்கிறது.

மொழிவழி ஒப்பீட்டுச் செயற்கூறுகள் விண்டோஸிலும் டாட்நெட்டிலும் உள்ளன. ஆயினும், 2020-இல் வெளிவந்த டாட்நெட் 5 முதல் இவ்வொப்பீடு விண்டோஸின் பழைய அட்டவணையிலிருந்து ஐசியு என்னும் பொதுநூலகத்திற்கு மாற்றப்பட்டது. ஆகையால் ஒரே நிரல், சட்டகப் பதிப்புக்கேற்ப வேறு வரிசையைத் தரக்கூடும். அகராதித் தொகுப்பு போன்று வரிசை மாறாதிருக்க வேண்டிய பணிகளில் செயலியே ஒரு ‘வரிசைத் திறவு’ அமைத்துக்கொள்வது நன்று.

அதன் முறை வருமாறு: ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்கம் தருக. முதல் இரண்டும் மெய்யின் எண்: க் 01 முதல் ன் 18 வரை. அடுத்த இரண்டும் உயிரின் எண்: அ 01 முதல் ஔ 12 வரை, புள்ளிக்கு 00. தனி உயிருக்கு மெய்யின் எண் 00. ஆய்தம் 0013. கிரந்த எழுத்துகள் 19 முதல் தொடரும். இதன்படி ‘கள்’ 0101 1600 ஆகும். ‘கற்கண்டு’ 0101 1700 0101 0600 0505 ஆகும். ‘கட்டி’ 0101 0500 0503 என்றும் ‘கடகம்’ 0101 0501 0101 1000 என்றும் அமையும். இவ்வெண்சரங்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டாலே நெடுங்கணக்கு முறை தானே அமைந்துவிடும். உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பகுத்த மரபிலக்கணமே இங்குக் கணிப்பு நெறியாகிறது.

ஒத்த தோற்றமும் வேறு குறியும்

ஒரே தோற்றமுடைய சொல் இருவேறு குறியெண் தொடர்களாக அமைவதும் உண்டு. ‘கோவில்பட்டி’யின் முதலெழுத்தை ‘க’ உடன் ஓகாரக்குறி ஒன்றாகவும் எழுதலாம். ‘க’ உடன் ஏகாரக்குறியும் காற்குறியும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. நேரடி ஒப்பீட்டில் இரண்டும் வேறு சொற்களாகும். உள்ளிடும்போதும் தேடும்போதும் சரத்தை இயல்பாக்கம் செய்துவிட்டால் இவ்விடர் நீங்கும். டாட்நெட்டில் ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறு இப்பணியைச் செய்கிறது.

இயல்பாக்கத்தால் தீராத வகையும் உண்டு. ‘ஸ்ரீவைகுண்டம்’ என்பதன் முதற்பகுதியை 3000 எனும் எண்ணுடைய ‘ஸ’ கொண்டும் எழுதலாம். 2005-இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட, 2998 எனும் எண்ணுடைய ‘ஶ’ கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. ஒருங்குறி இவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. ‘ஔ’ என்னும் உயிரும், ‘ஒ’ உடன் ‘ள’ சேர்த்து எழுதப்படும் போலிவடிவும் இத்தகையனவே. ஓர் ஊரைச் சார்ந்த பதிவுகள் இரண்டாகப் பிரிந்து கிடப்பதும், உள்ள பெயர் ‘இல்லை’ என அறிவிக்கப்படுவதும் இதனால் நேர்கின்றன. இவற்றிற்கு மாற்றுப் பட்டியல் ஒன்றை நிரலாளரே அமைத்தல் வேண்டும்.

பழைய குறியாக்கங்களும் காட்சிப் பிழைகளும்

1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் எனும் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. திஸ்கி குறியாக்கமும் அக்காலத்தில் பரவலாக வழங்கியது. இவற்றில் அமைந்த ஆய்வேடுகளும் சொற்பட்டியல்களும் இன்றும் உள்ளன. திஸ்கியில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமிக்கப்படும். ஒருங்குறியில் ககரம் முன்னும் எகரக்குறி பின்னும் அமையும். மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் எனத் தொல்காப்பியர் கூறும் ஒலிவரிசைக்கு இது இயைந்தது. எனவே பழைய கோப்பை மாற்றும் நிரல், குறிக்குக் குறி பெயர்ப்பதோடு நில்லாமல் இடமாற்றமும் செய்யவேண்டும்.

1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6 சரங்களை உள்ளே ஒருங்குறியாகவே வைத்திருந்தது. அதன் உரைப்பெட்டிகளோ எட்டுபிட்டுக் குறிப்பக்க முறையில் இயங்கின. தமிழுக்கென விண்டோஸில் அத்தகைய குறிப்பக்கம் இல்லாமையால் எழுத்துகள் வினாக்குறிகளாகத் தோன்றின. டாட்நெட்டின் தொடக்கப் பதிப்புகளில் கட்டுப்பாட்டுக்கூறுகள் வேறொரு வரைமுறையைப் பயன்படுத்தியதால் சிக்கலான வரிவடிவங்கள் பிழைபடத் தோன்றியதுண்டு. 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பின் ‘டெக்ஸ்ட்ரெண்டரர்’ இதனைச் சீர்செய்தது. விண்டோஸ் 2000 முதல் இயங்குதளமே லதா எழுத்துருவையும் தமிழ் வடிவாக்கத்தையும் தருவதால், இன்று காட்சிப் பிழைகள் பெரிதும் குறைந்துள்ளன.

சேமிப்பில் நேரும் இழப்பு

காட்சியில் நேரும் பிழையையும் சேமிப்பில் நேரும் பிழையையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஒருங்குறிக் கோப்பு ஒன்று வேறு குறியாக்கமாகப் படிக்கப்பட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று அயற்குறிகளாகத் தோன்றும். கோப்பை அப்படியே வைத்து, உரிய குறியாக்கத்தில் மீண்டும் படித்தால் தமிழ் திரும்பக் கிடைக்கும். சிதைந்த தோற்றத்தையே மறுபடி சேமித்துவிடுவது இடரை வளர்க்கும்.

வினாக்குறியாகச் சேமிக்கப்பட்டது அத்தகையதன்று. எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் ஒருங்குறி ஏற்காத புலவகையைத் தேர்ந்தாலும், கட்டளையில் தமிழ்ச் சரத்தின் முன் ‘என்’ எனும் முன்னொட்டை விட்டாலும், பொதுவான அமைப்புகளில் ஒவ்வொரு குறியும் வினாக்குறியாக மாற்றப்பட்டே பதிவாகும். எட்டுக் குறியெண் கொண்ட ‘உடன்குடி’ எட்டு வினாக்குறிகளாகும். அவற்றிலிருந்து மூலச்சொல்லைப் பெற இயலாது. ஆகவே களப்பதிவுச் செயலி எதுவாயினும், முதல் நாளிலேயே ஒரு தமிழ்ச்சொல்லைச் சேமித்து, செயலியை மூடித் திறந்து, மீண்டும் படித்து ஒப்பிடுதல் வேண்டும். களப்பணி தொடங்கும் முன் செய்யத்தக்க தலையாய சோதனை இதுவே.

புணர்ச்சியை மறந்த செய்திகள்

செயலி காட்டும் அறிவிப்புகளிலும் ஒரு குறை தென்படுகிறது. ஊர்ப்பெயரையும் ‘இல்’ உருபையும் வெறுமனே ஒட்டினால் ‘உடன்குடிஇல்’, ‘திருச்செந்தூர்இல்’ என வரும். முன்னது இகர ஈறாதலால் யகர உடம்படுமெய் பெற்று ‘உடன்குடியில்’ ஆகவேண்டும். பின்னது மெய்யீறாதலால் புள்ளி நீங்கி இகரக்குறி ஏறித் ‘திருச்செந்தூரில்’ ஆகவேண்டும். ‘மணப்பாடு’ போன்ற குற்றியலுகர ஈற்றுப் பெயர்களில் உகரம் கெட்டு ‘மணப்பாட்டில்’ என ஒற்றும் இரட்டும். ஈற்றெழுத்தை நோக்கி இயங்கும் சில விதிகளே பெரும்பாலான பெயர்களுக்குப் போதும். விதி எழுத இயலாதவிடத்து ‘ஊர்: உடன்குடி’ என வேற்றுமையுருபு வேண்டாத அமைப்பைக் கொள்வது, பிழையாக ஒட்டுவதினும் மேலானது.

புதிய குறியாக்கம் தீர்வாகுமா?

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் டேஸ்16 குறியாக்கத்தை, ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக அறிவித்தது. அதில் எழுத்தெண்ணிக்கையும் வரிசையும் இலக்கணத்தோடு இயைகின்றன. எனினும், அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க இயலாது. ஆகவே தரவை ஒருங்குறியில் சேமித்து, எண்ணவும் வரிசைப்படுத்தவும் மட்டும் செயலிக்குள் எழுத்தலகுகளாகப் பகுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. மேற்காட்டிய வரிசைத் திறவு அத்தகையதே.

முடிவுரை

எழுத்து என்பது இலக்கணத்தில் ஒலியின் அலகு, கணினியின் நினைவகத்தில் குறியெண், திரையில் வரிவடிவம். எண்ணிக்கைப் பிழையும் வரிசைப் பிழையும் குறியெண்ணை இலக்கண எழுத்தாகக் கொள்வதால் விளைகின்றன. தேடற்பிழை, ஒத்த வடிவத்தை ஒத்த குறியாகக் கொள்வதால் விளைகிறது. இம்மூன்றையும் வேறுபடுத்தி எழுதப்படும் நிரலில் இவ்விடர்கள் பெரும்பாலும் எழா. மெய், உயிர், புள்ளி, புணர்ச்சி பற்றிய இலக்கண அறிவு நிரலாளருக்கு நேரடியாகப் பயன்படுவது போலவே, குறியாக்கம் பற்றிய அறிவு சொற்களைத் தொகுக்கும் தமிழாய்வாளருக்கும் பயன்படும். தமிழ்த்துறைகளின் களப்பணிப் பயிற்சியில், தொகுத்த சொல்லைச் சிதையாமல் சேமித்துச் சரிபார்க்கும் முறையும் ஒரு பகுதியாக இடம்பெறுதல் வேண்டும்.