கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைக்குமுன்

கணக்கெழுதுதலும் தட்டெழுத்தும் தமிழர் பலரை வெளிமாநிலங்களுக்கு அழைத்துச் சென்ற தொழில்களாகும். இன்று பேரேடுகளின் இடத்தை விரிதாளும் தரவுத்தளமும் பெற்றுவிட்டன. கிளைதோறும் வரும் கணக்கைத் திரட்டி, கூட்டி, அறிக்கையாக்கும் வேலையை ஒரு கட்டளைத் தொடரே செய்து முடிக்கின்றது. இவ்வசதியை எவ்வாறு ஆளவேண்டும் என்பதற்குக் கொல்கத்தாவின் வரலாற்றில் நல்லதொரு பாடம் உண்டு.

1931-ஆம் ஆண்டில் பேராசிரியர் மகலனோபிஸ் இந்நகரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். வங்காளத்தின் சணல் விளைச்சலை மதிப்பிடும் பணியை அவர் 1937-இல் தொடங்கினார். வயல்கள் எண்ணற்றவை, அனைத்தையும் அளத்தல் இயலாது. ஆகவே சில வயல்களை மட்டும் மாதிரியாகத் தேர்ந்தார். அம்மாதிரியையும் இரண்டாகப் பகுத்து, ஒரே வட்டாரத்தில் இரு குழுவினரைத் தனித்தனியே அளக்கச் செய்தார். இரு விடைகளும் பெரிதும் வேறுபட்டால், எங்கோ பிழை உண்டு என்பது தானே புலப்படும்.

துளையிட்ட அட்டைகளில் எண்களைப் பதிந்து இயந்திரங்களால் கூட்டிய காலத்திலும் இந்நெறியே நிலவியது. ஒருவர் துளையிட்ட அட்டையை, மூலத்தாளைப் பார்த்து மற்றொருவர் சரிபார்ப்புப் பொறியில் மீண்டும் தட்டுவார். எண் மாறினால் பொறி காட்டிக்கொடுக்கும். 1955-56-இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி இக்கழகத்திற்கு வந்தது. இந்தியாவில் நிறுவப்பெற்ற முதல் எண்முறைக் கணிப்பொறி அதுவே. அதனால் கணக்கு விரைந்தது. ஆயினும் சரிபார்க்கும் கடமை நீங்கவில்லை.

நிற்க. இன்றைய நிலையை நோக்குவோம். ஒரு கிளையினர் 'கல்கத்தா' என்றும், மற்றொரு கிளையினர் 2001-இல் மாற்றப்பெற்ற பெயரால் 'கொல்கத்தா' என்றும் எழுதினால், கணினி அவற்றை இரு நகரங்களாகவே கொள்ளும். விற்பனை பாதியாகத் தோன்றும். 03-04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்பதையும் அது தானாக அறியாது. கையால் எழுதுபவர் ஒருமுறை செய்யும் பிழையை, இயந்திரம் மாதந்தோறும் அயராது செய்துகொண்டிருக்கும். அவ்வறிக்கையை நம்பிச் சரக்கைக் குறைப்பர்; ஆட்களையும் குறைக்கக் கூடும்.

ஆதலின் மூன்று வழக்கங்களைக் கைக்கொள்வோம். பெயருக்கும் தேதிக்கும் ஒரே வடிவத்தை வகுத்துக்கொள்வோம். மூலக் கணக்கைத் திருத்தாமல் தனியே காப்போம். கிளைகள் தாமே அனுப்பும் மொத்தத்தோடு அறிக்கையின் மொத்தத்தை ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுவோம். கூட்டும் உழைப்பை இயந்திரத்திற்கு விடலாம். அறிக்கைக்கான பொறுப்பு கையொப்பமிடும் நம்மையே சாரும்.